பெயிலானவர்களுக்கும் ஒரு வகுப்பு

கிழக்கிலங்கையின் மூதூரில் பகல் வேளையில் ஒரு வீட்டின் தண்ணீர் மோட்டர் நின்றுபோனால், அந்த வீட்டுப் பெண் முதலில் அழைப்பது றுஷ்தாவைத்தான். கறுப்பு அபாயாவும் காலில் றப்பர் சப்பாத்துமாக ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். பின் இருக்கையில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயரூபி வருவாள். றுஷ்தாவின் ஊர் மூதூர். ஜெயரூபி பக்கத்துத் தமிழ்க் கிராமமான சேனையூரைச் சேர்ந்தவள். இருவருக்கும் இருபத்துமூன்று வயது. வீட்டு மின்னிணைப்பு, மோட்டர், மின்விசிறி என்று மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் திருத்துகிறார்கள்.

இருவரும் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், ஓ/எல்லில், தவறியவர்கள். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு வருவதற்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

2019ஆம் ஆண்டு பெறுபேறு வெளிவந்த அன்று றுஷ்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. கணிதம் போய்விட்டது. விஞ்ஞானமும் ஆங்கிலமும் அதோடு போயின. மிச்சத்தை வைத்துக்கொண்டு உயர்தரம் படிக்க முடியாது. வாப்பா ஸெய்னுதீன் கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை தொலைபேசியில் அழைத்தபோது செய்தியை அறிந்தார். பிறகு, "சாப்பிட்டியா மக?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று றுஷ்தாவுக்குத் தோன்றியது.

அடுத்த கிழமையே மாமி ஒருவர் கலியாணக் கதையோடு வந்தார். சித்தி பரீதா என்ற பெயருடைய றுஷ்தாவின் உம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "அவக்குப் பதினாறு வயசுதான் ராத்தா" என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மகளை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. திரும்பவும் பரீட்சை எழுதச் சொல்லலாம். அதே கணிதம், அதே பயம்.

சில மாதங்கள் கழித்துப் பாடசாலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைகள் பெற்றோருடன் வரவேண்டும் என்றார்கள். அந்தச் சித்திரையில், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து முஸ்லிம்கள் மேல் சந்தேகம் விழுந்த பிறகு, வெளியே போய்வருவதற்கே எல்லோரும் தயங்கிய காலம் அது. அதற்குமேல் தவறியவள் என்று பேர்போட்டுக் கூப்பிடும் கூட்டத்துக்குப் போவதா என்று றுஷ்தா கேட்டாள். உம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனார்.

மண்டபத்தில் கதிரைகள் நிறையப் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஆறு பிள்ளைகள்தான். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்த தொழில் வழிகாட்டல் அலுவலர் பாக்கியரத்தினம், வெறுங்கதிரைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளையள். முந்தி ஓ/எல் பெயில் எண்டால் பள்ளிக்கூடம் முடிஞ்சுது. இனி அப்பிடியில்லை. எல்லாப் பிள்ளையளுக்கும் பதின்மூண்டு வருசப் படிப்பு எண்டது இப்ப கல்விக் கொள்கை. பாஸோ பெயிலோ, பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாம். முதல் வருசம் இஞ்சதான். அடுத்த வருசம் தொழிற்பயிற்சி நிலையத்தில ஒரு தொழில். பிறகு உண்மையான வேலைத்தலத்தில பயிற்சி. முடிவில கிடைக்கிற சான்றிதழோட வேலைக்கும் போகலாம், மேல டிப்ளோமாவும் படிக்கலாம்."

சித்தி பரீதா எழும்பி நின்றார். "சேர், இது சும்மா பேருக்கா, இல்ல மெய்யாத்தானா?"

பாக்கியரத்தினம் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. "அம்மா, இது புதுத்திட்டம். எல்லாம் வடிவா நடக்கும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனா உங்கட பிள்ளைக்கு இதில இடம் இருக்கு. அது உண்மை."

ஒரு சிக்கலும் இருந்தது. பதினைந்து பிள்ளைகளாவது சேராவிட்டால் அந்த வகுப்புக்கு ஆசிரியர்களைத் தர வலயத்தால் முடியாது. அதிபர் முனாஸுக்கு இது அவ்வளவு வருத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை. உயர்தரப் பெறுபேறுகளால் பேரெடுத்த பாடசாலை அது. "பெயிலான புள்ளைகளக் கொண்டுவந்து வெச்சா மத்தப் புள்ளைகளும் படிப்பில அக்கறையில்லாமப் பொடுபோக்காப் போயிடும்" என்று அவர் அலுவலரிடம் மெதுவாகச் சொன்னது முன்வரிசையில் இருந்த றுஷ்தாவுக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் உம்மாவிடம் கேட்டாள். "மத்தாக்கள் ஏன் உம்மா வரல்ல? என்ட வகுப்பிலேயே எத்தினையோ பேர் பெயில்."

"நீயும்தான் வரமாட்டன் எண்டு நிண்ட."

அது றுஷ்தாவை யோசிக்க வைத்தது. மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, தன்னோடு படித்த ஒருத்தியின் வீட்டுக்குப் போனாள். அந்தப் பிள்ளையின் தாய் கதவடியில் நின்றபடியே, "எங்கட மக பெயிலாகல்ல. படிக்க விருப்பமில்லாம நிண்டிட்டா" என்று சொல்லிவிட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் கால்கள் தெரிந்தன. றுஷ்தா அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றார் உம்மா.

இரண்டாம் முறை றுஷ்தா பேச்சை மாற்றிக்கொண்டாள். யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னாள். "நானும் பெயில்தான். மூண்டு பாடம் போயிட்டு." அதைக் கேட்டதும் முகங்கள் இளகின. உள்ளே கூப்பிட்டார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் தாங்களாகவே வெளியே வந்தார்கள். மேசன் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஒருவன் சாந்து காயாத கையோடு நின்று, "மெய்யாவே எடுப்பாங்களா?" என்று கேட்டான். தாய்மார் சித்தி பரீதாவிடம் இரகசியமாகக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அங்கே பிள்ளைகளை அவமானப்படுத்துவார்களா? அவர் தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. "என்ட புள்ளையும் அங்கதான் இருக்கப்போகுது" என்றார்.

ஜெயரூபியை அவர்கள் சந்தித்தது கடைத்தெருவில், ஒரு புடவைக் கடையில். றுஷ்தா உம்மாவோடு துணி வாங்கப் போனபோது, அவள் வயதுப் பிள்ளை ஒருத்தி வாடிக்கையாளர் குலைத்துவிட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிக்கல்லையா?" என்று றுஷ்தா கேட்டாள்.

அவள் தலையை நிமிர்த்தாமல், "ஓ/எல் சரிவரேல்லை" என்றாள்.

"எனக்கும்தான்."

அப்போதுதான் ஜெயரூபி நிமிர்ந்து பார்த்தாள். கடைக்காரர் கூப்பிடும்வரை இருவரும் கதைத்தார்கள். வகுப்பைப் பற்றிக் கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன. பிறகு சட்டென்று அடங்கிப்போனாள். "அது உங்கட முஸ்லிம் ஆக்களின்ர பள்ளிக்கூடம் எல்லோ. அப்பா விடமாட்டார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி பரீதா மகளையும் கூட்டிக்கொண்டு சேனையூருக்குப் பஸ் ஏறினார். ஜெயரூபியின் தந்தை அருளம்பலம் வயல் செய்பவர். மனைவியை இழந்தபின் மகளைத் தனியாக வளர்த்தவர். முற்றத்து வேம்பின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு இருவரையும் இருக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, எனக்கு மனசில ஒண்டை வைச்சுக்கொண்டு வாயால இன்னொண்டு கதைக்கத் தெரியாது. நாடு இருக்கிற நிலைமையில பிள்ளையை அங்க அனுப்பப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான் அண்ணன்" என்றார் சித்தி பரீதா. "இஞ்ச பஸ்ஸில வரக்குள்ளயும் பயந்துதான் வந்த. எல்லாரும் எங்களையே பாக்கிற மாதிரி இருந்த. ஆனா ரெண்டு புள்ளைகளும் வீட்டில குந்தி இருந்தா, அந்தப் பயம் போயிடுமா? காலையில உங்கட புள்ள பஸ்ஸால இறங்கினா நேர என்ட வீட்டுக்கு வரட்டும். என்ட புள்ளையோட பள்ளிக்குப் போகட்டும். பின்னேரம் நான் வந்து பஸ் ஏத்தி விடுறன்."

அருளம்பலம் மகளைப் பார்த்து, "பிளேன்ரீ கொண்டா பிள்ளை" என்றார். சித்தி பரீதா அந்தத் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர்கள் எழும்பும்போது அருளம்பலம், "சரி, முதல் நாள் நானும் கூட வாறன்" என்றார்.

அலுவலர் கேட்டதைவிடக் கூடுதலான பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. முதல் நாள் வாசலில் நின்ற அதிபர் முனாஸ், வரிசையாக உள்ளே வந்தவர்களைப் பார்த்து, "இவ்வளவு புள்ளைகளும் எங்க இருந்தாங்க?" என்று பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் கேட்டார். மகளோடு வந்திருந்த அருளம்பலத்தைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசினார். ஜெயரூபி முக்காடில்லாமல், வழக்கமான வெள்ளைச் சீருடையிலேயே வரலாம் என்றும், சமய பாட நேரத்தில் அவள் நூலகத்தில் இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். அவர் முன்பு சொன்னதை றுஷ்தா மறக்கவில்லை. ஆனால் இதையும் மறக்கவில்லை.

சித்தி பரீதா சொன்னபடியே செய்தார். மழையென்றாலும் வெயிலென்றாலும் பின்னேரம் குடையோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றார்.

அந்த ஆண்டு அவர்கள் படித்தது வேறு மாதிரியான படிப்பு. கணினி, கதைக்கிற ஆங்கிலம், வேலைத்தலத்தில் நடந்துகொள்ளும் முறை, சொந்தமாகத் தொழில் தொடங்கும் விதம். வலயத்தால் ஒரு பஸ் ஒழுங்குசெய்து திருகோணமலைக்கும் கூட்டிப்போனார்கள். வைத்தியசாலை, தொழில்நுட்பக் கல்லூரி, ஒரு ஹோட்டலின் சமையலறை, துறைமுகத்துப் பக்கமாக ஒரு தொழிற்சாலை எல்லாம் காட்டினார்கள். எந்த வேலை எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது பாக்கியரத்தினத்தின் பிடிவாதம். மற்றப் பிள்ளைகள் ஹோட்டலில் கொடுத்த கேக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். றுஷ்தாவின் மனம் தொழிற்சாலையின் மின்கட்டுப்பாட்டு அறையிலேயே நின்றுவிட்டது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அங்கிருந்தவர் ஒருமுறை சொன்னதை அவளால் அப்படியே திருப்பிச் சொல்ல முடிந்தது. பாடப் புத்தகம் அவளுக்கு ஒருபோதும் அப்படி மனதில் நின்றதில்லை.

தொழிலைத் தெரிவுசெய்யும் நாள் வந்தபோது அவள் மின்சாரம் என்றாள். ஜெயரூபியும் அதையே சொன்னாள். சித்தி பரீதா திகைத்துப்போனார்.

"தையல் இரிக்கி, கேக் செய்யிறது இரிக்கி. கரண்ட் ஏன் புள்ள?"

"உம்மா, எங்கட மோட்டர் பழுதானா நீங்க என்ன செய்யிற?"

"ஆம்புளைகள் ஆரும் வீட்டில நிக்கிற நேரம் பாத்து வேலையாளக் கூப்பிடுற."

"வாப்பா கட்டார்ல. அப்ப?"

உம்மா யோசித்தார். மோட்டர் பழுதாகி, ஒரு கிழமையாக அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியது அவருக்கு நினைவிருந்தது. அதன்பிறகு தையலைப் பற்றி அவர் பேசவில்லை.

கொரோனா வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. பயிற்சி நிலையம் மூடியும் திறந்தும் இழுபட்டது. இடையில் நின்றுபோன பிள்ளைகளும் உண்டு. றுஷ்தாவும் ஜெயரூபியும் தொலைபேசியில் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி சலித்தால் மற்றவள் ஏசுவாள்.

கடைசிக் கட்டம் வேலைத்தலப் பயிற்சி. அங்கேதான் இடறியது. மூதூரிலும் கிண்ணியாவிலும் கேட்ட இடமெல்லாம், பெண்பிள்ளைகளைக் கூரையில் ஏற்ற முடியாது என்றார்கள். பாக்கியரத்தினம் திருகோணமலை நகரில் மின்சாதனக் கடை வைத்திருந்த தங்கத்துரையிடம் தானே நேரில் போய்க் கேட்டார். அவர் ஓம் என்று சம்மதித்தது அலுவலரின் முகத்துக்காகத்தான்.

முதல் நாள் அவர் இருவரையும் பார்த்து, "கவுண்டரில இருந்து பில் போடுறியளோ?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. வயரிங் பழக வந்த நாங்க" என்றாள் றுஷ்தா.

"ஏணியில ஏறுவியளோ?"

"ஏறுவம்" என்றாள் ஜெயரூபி. "நான் பனை மரமே ஏறியிருக்கிறன்." அது பொய். றுஷ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சில கிழமைகள் சாமான்களைத் துடைத்து அடுக்குவதிலேயே போயின. ஒருநாள் முற்பகல் நகரின் ஜமாலியாப் பக்கமிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஒரு வீட்டில் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது, ஏதோ எரியும் மணம் வருகிறது என்றார்கள். தங்கத்துரை தன் வேலையாள் ஒருவரை அனுப்பினார். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். வீட்டுப் பெண்ணின் கணவர் அண்மையில் இறந்துவிட்டார். அந்தப் பெண் இத்தா என்ற துக்கக் காலத்தில் இருக்கிறார், அந்நிய ஆண்கள் அந்த நாட்களில் அவர் முன்னால் போவதில்லை. வீட்டில் வேறு பெரியவர்களும் இல்லை.

தங்கத்துரை கடை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு திரும்பி, சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தார்.

"எடுங்கோ பையை" என்றார்.

அவரே ஓட்டோவில் கூட்டிப்போய், கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். இருவரும் உள்ளே போனார்கள். எரிந்த மணம் மெயின் சுவிட்ச் பெட்டிப் பக்கமிருந்துதான் வந்தது. றுஷ்தா முதலில் மெயினை நிறுத்தினாள். படித்தபடி, மின்சாரம் நின்றுவிட்டதா என்று ரெஸ்டரை வைத்துப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். ஜெயரூபி ரோர்ச் லைட் பிடிக்க, மூடியைக் கழற்றினாள். ஒரு கம்பி திருகாணியில் சரியாக இறுகாமல் சூடாகி, உறை கருகிப்போயிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் பெட்டியே தீப்பற்றியிருக்கும். கருகிய பகுதியை வெட்டி, புதுக் கம்பி தொடுத்து, எல்லாத் திருகாணிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். மூடுவதற்கு முன் ஜெயரூபி படமெடுத்து வெளியே நின்ற தங்கத்துரையின் தொலைபேசிக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "சரி. போடுங்கோ மெயினை."

மின்விசிறி சுற்றத் தொடங்கியது. உள்ளறையிலிருந்து வந்த அந்தப் பெண் றுஷ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைகளோட ராவு முழுக்கப் பயந்துகொண்டு கிடந்த மக. அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும்" என்றார். ஜெயரூபி, "எரிஞ்ச மணம் திரும்ப வந்தால் உடன எடுங்கோ அக்கா" என்று இலக்கத்தைக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் தங்கத்துரை ஓட்டோவின் இரைச்சலுக்கு மேலால் சொன்னார்: "நாளையில இருந்து நீங்கள் ரெண்டு பேரும் என்னோட வெளி வேலைக்கு வாறியள்."

அவர் கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பயிற்சி முடிந்தபிறகும் தன்னோடு நிற்கச் சொன்னார். ஊரில் செய்யப்போகிறோம் என்றபோது கோபிக்காமல், தன்னுடைய பழைய துளையிடும் இயந்திரத்தைக் கொடுத்தனுப்பினார்.

அவர்கள் தொழில் தொடங்கியது, பொருளாதாரம் சரிந்து நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில். பெற்றோல் இல்லாததால் நடந்துதான் போனார்கள். விட்டுவிட்டு வந்த மின்சாரத்தால் வீட்டுக்கு வீடு மோட்டரும் குளிர்சாதனப் பெட்டியும் பழுதாகிக் கிடந்தன. கணவன்மார் கடலுக்கும் வயலுக்கும் வெளிநாட்டுக்கும் போயிருந்த வீடுகளில் பெண்கள் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள். குறை சொன்னவர்களும் இருந்தார்கள். பெண்பிள்ளை கூரையில் ஏறுவதா என்று ஒருவர் சித்தி பரீதாவிடமே கேட்டார். "உங்கட வீட்டுக்கும் ஏறினவதான், நீங்க அப்ப கடலுக்குப் போயிருந்த" என்று அவர் சொன்னதும் பேச்சு நின்றது.

இப்போது மூதூரில் அந்த வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்தவர்களும் விரும்பிச் சேர்கிறார்கள். அதிபர் முனாஸ் ஓய்வுபெறும் விழாவில் பேசும்போது, தன் காலத்தில் செய்த நல்ல காரியம் இது என்றும், இதைத் தான் முதலில் விரும்பவில்லை என்றும் இரண்டையும் சொன்னார். றுஷ்தா எழும்பிப் போய் அவருக்கு ஸலாம் சொன்னாள்.

சென்ற மாரியில் பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் சனங்கள் முகாம்களிலிருந்து வீடுகளுக்குத் திரும்பி, சேற்றைக் கழுவிவிட்டு மெயினைப் போடப் பார்த்தார்கள். ஈரச் சுவரில் மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும். இருவரும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தார்கள். தாங்கள் பார்த்துச் சொல்லும்வரை யாரும் மெயினில் கை வைக்க வேண்டாம் என்றார்கள். தங்களோடு அந்த வகுப்பில் படித்தவர்களைக் கூப்பிட்டார்கள். கிண்ணியாவிலும் தோப்பூரிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கருவிகளோடு வந்தார்கள். மூதூர், சேனையூர் என்று பிரித்துக்கொண்டு, சோதித்து, உலரவிட்டு, ஒவ்வொரு வீடாக வெளிச்சம் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அருளம்பலம் தன் வீட்டில் அத்தனை பேருக்கும் சோறு சமைத்துப் போட்டார். தங்கத்துரை ஒரு பெட்டி நிறையச் சுவிட்சுகளும் கம்பியும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் டிப்ளோமா வகுப்புக்குப் போகிறார்கள். அந்த வகுப்பின் முடிவில் கிடைத்த தொழிற்றகைமைச் சான்றிதழே அதற்குப் போதுமாக இருந்தது. கணிதத்தில் றுஷ்தா இன்றுவரை சித்தியடையவில்லை. மின்சுமை கணிப்பதில் மட்டும் பிழை விடுவதில்லை.

இதை எழுதுவதற்காக இருவரையும் சந்தித்தபோது, யாருக்கு நன்றி சொல்வாய் என்று றுஷ்தாவிடம் கேட்டேன். உம்மாவைச் சொன்னாள். அருளம்பலத்தை, பாக்கியரத்தினத்தை, தங்கத்துரையை, ஜமாலியா வீட்டுப் பெண்ணைக்கூடச் சொன்னாள். பிறகு இன்னொருவரையும் சேர்த்தாள்.

"பெயிலான புள்ளைகளையும் எடுக்கணும் எண்டு முதல்ல ஒரு மனுசன் எழுதியிருப்பார்தானே. கொழும்பில ஏதோ அரசாங்கக் கந்தோரில இருந்திருப்பார். ஆரெண்டு தெரியா, எந்தச் சாதி சனமெண்டும் தெரியா. அவருக்கும் சேத்துத்தான் துஆ கேக்கிற."

"நானும் கோயிலில அவருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திறனான்" என்றாள் ஜெயரூபி. அதற்குள் தொலைபேசி அடித்தது. பள்ளிவாசல் பக்கமாக ஒரு வீட்டில் மோட்டர் நின்றுவிட்டதாம். இருவரும் எழும்பிப் போனார்கள்.